மீதிக் காற்று

ஏரிக்கரைக்குக் காலை நடைக்கு வருகிறவர்கள் தூரத்திலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிடுவார்கள். புஸ்ஸ், புஸ்ஸ் என்று யாரோ ராட்சதன் ஒருவன் மூச்சு வாங்குவதைப் போல இருக்கும். கிட்டே வந்து பார்த்தால் ஒல்லியான ஒரு பெண்மணி, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, காற்றுப் பம்பின் இரண்டு மிதிகளிலும் பாதங்களை ஊன்றிக்கொண்டு, கைப்பிடியை இழுப்பதும் அழுத்துவதுமாக இருப்பாள். அவள் காலடியில், சுருட்டி வைத்த மெத்தைபோலக் கிடந்த ஒன்று மெல்ல மெல்ல விரிந்து, முதுகு நிமிர்த்தி, ஆள் நீளத்துக்கு மேல் நீண்ட பலகையாக விறைத்து நிற்கும். அதன்மேல் ஏறி நின்று, நீளத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளி ஏரியைச் சுற்றி வரலாம். அந்தப் பலகைகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதுதான் அவள் பிழைப்பு. ஏரிக்கரையில் எல்லோருக்கும் அவள் பம்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவது வங்கியில் கூப்பிடும்போதுதான் ஞாபகம் வரும்.

கையில் வலு இருந்தது அவளுக்கு. ஏரியின் அக்கரையில் முன்பு இருந்த பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். ஈரப் போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்து முறுக்கினால், மறுமுனையைப் பிடித்திருக்கிறவளும் சேர்ந்து முறுக்கிக்கொள்வாள் என்று அங்கே கேலி பேசுவார்கள். அவள் கணவருக்கும் அதே ஓட்டலில்தான் வேலை. லிஃப்ட் இயக்குகிறவர். முக்காலியில் உட்கார்ந்தபடி பொத்தானை அழுத்துவார், கதவு திறக்கும், மூடும். "நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வந்தவரு. ஆனா ஒரு அடி எடுத்து வச்சிருப்பாரா?" என்று அவள் யாரிடமாவது சொல்லாத நாள் கிடையாது. அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தவிர அவரிடமிருந்து வேறு பதிலும் வராது.

ஓட்டலை ஒருநாள் மூடிவிட்டார்கள். அவர் வழக்கம்போல வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவளால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. படுத்துவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்தவள் சில மாதங்கள் அப்படியே கிடந்தாள். சமையலை அவரும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். கூப்பிட்டால் "ம்" என்பாள், அவ்வளவுதான். ஓட்டல் சாமான்களை ஏலம் விட்டபோது யாரும் சீந்தாத சில பொருள்களை அவர் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார். சுருட்டிக் கட்டிய பருமனான மூட்டைகள், கூடவே ஒரு கை பம்பு.

"என்ன இது? மெத்தையா? படுத்தே கிடக்கிறேன்னு குத்திக் காட்டுறீங்களா?" என்று அவள் சுவர்ப்பக்கமிருந்து திரும்பினாள். அத்தனை நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"மெத்தை இல்லை. காத்தடிச்சுப் பாரேன்" என்று பம்பை அவள் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

கோபத்தில்தான் எழுந்தாள். கோபத்தில்தான் அடித்தாள். அடிக்க அடிக்கப் பலகை எழும்பி, கூடத்தையே அடைத்துக்கொண்டு, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் சிக்கி நின்றது. அவள் வேர்த்து விறுவிறுத்து அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது கடை.

கை பம்பா மின் பம்பா என்ற பேச்சு அந்த வீட்டில் வெகுகாலமாக நடந்து கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள்தான் மூட்டிவிட்டவள். "அம்மா, ஒரு பட்டனை அமுக்கினா அதுவே அடிச்சு, அளவு வந்ததும் அதுவே நின்னுடும். உன் தோள்பட்டை என்னத்துக்காகும்?" என்பாள். பம்பக்காவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. கரையோரமாகச் சற்றுத் தள்ளி, புதிதாக ஒரு பெண் இதே தொழிலுக்கு வந்திருந்தாள். முகத்தில் பாதியை மறைக்கும் பெரிய ஓலைத் தொப்பி போட்டிருப்பாள். தொப்பிக்காரி என்றே பெயராகிவிட்டது. அவளிடம் இருந்தது மின் பம்பு. ஒரு பலகைக்குப் பத்து நிமிஷத்துக்குமேல் எடுக்கும். வெயிலில் நான்கைந்து பலகைக்கு மேல் அடித்தால் சூடாகி, ஆறும்வரை முரண்டு பிடிக்கும். பேட்டரியில் சார்ஜ் இறங்கினால் அவளுடைய காருக்குப் பக்கத்தில் பலகைகளை இழுத்துப்போய் ஒயரைச் சொருக வேண்டும்.

"மிக்ஸி மாதிரி கத்துது. அது கத்தி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு பலகை அடிச்சிருவேன்" என்பாள் பம்பக்கா. அது பொய்யும் இல்லை. "ஸ்விட்சப் போட்டுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்குப் பேரு வேலையா?"

பலகை விறைப்பாக நிற்கவேண்டுமானால் அழுத்தம் பதினைந்து வரை ஏறவேண்டும். வால்வுக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. அவளுடைய கை பம்பிலும் ஒரு மீட்டர் உண்டு. ஆனால் அதன் கண்ணாடி விரிசல்விட்டு மணல் புகுந்து, முள் எப்போதோ செத்துப்போயிற்று. அவளுக்கு முள் தேவைப்படவில்லை. கைப்பிடி கீழே இறங்க மறுக்கும் கட்டத்தில் பம்பை விட்டு இறங்குவாள். உள்ளங்கையால் பலகையை ஓங்கி ஒரு தட்டு தட்டுவாள். "கல்லு!" என்பாள். பிறகு, வாடிக்கையாளர்கள் வருவதற்குள் மிதவைச் சட்டைகளை அலசிப் போடுவதற்காகக் கரையின் கோடியில் இருக்கும் குழாயடிக்குப் போவாள். சலவைக்கூடத்துப் பழக்கம், ஒவ்வொரு சட்டையாகப் பிழிந்து உதறி, நேரம் எடுத்துக்கொண்டுதான் திரும்பி வருவாள். கணவர், பலகைகள் வைக்கும் கொட்டகையின் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"உக்காந்ததுக்கே இப்படி வேர்த்துக் கொட்டுதா உங்களுக்கு?" என்று ஈரக் கையை அவர்மேல் உதறுவாள்.

அந்த மழைக்காலம் முடிந்து வெயில் தொடங்கியிருந்த ஒரு காலையில் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடலிறக்கம். சில வருஷத்துக்கு முன்னால் அறுவை செய்து தைத்த அதே இடம். மகளும் வேலையிடத்திலிருந்து நேராக வந்துவிட்டாள்.

டாக்டரம்மா கண்டிப்பானவர். அறைக்கு வெளியே அம்மாவையும் மகளையும் நிறுத்திக் கேட்டார்.

"கனமா ஏதாவது தூக்குறாரா? இல்லை, உடம்பக் குடுத்து அழுத்தித் தள்ளுற வேலை ஏதாவது?"

பம்பக்காவுக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இவரா? டாக்டரம்மா, இவர் ஒரு துரும்ப எடுத்து அந்தப் பக்கம் போடமாட்டார். நாற்காலிக்குக் கால் வலிக்குமேன்னுதான் நான் கவலைப்படுவேன்."

"முன்னாடி தைச்ச இடமே பிரிஞ்சிருக்கும்மா. சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு இப்படி ஆகாது."

"இருமியிருப்பார்" என்றாள் அவள்.

டாக்டரம்மா அவளைச் சற்று நேரம் பார்த்தார். மகளையும் பார்த்தார். மகள் சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடையத் தொறந்தியா?" என்பதுதான்.

"உங்கள விட்டுட்டு எங்க தொறக்கிறது? நாளைக்குப் போறேன்."

"வேண்டாம். நான் வர்ற வரைக்கும் தொறக்காதே."

"நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க?"

"தொறக்காதேன்னா தொறக்காதே" என்றார். கெஞ்சுவதுபோல இருந்தது அவர் குரல். மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மகளைத் துணைக்கு விட்டுவிட்டு மறுநாள் கடையைத் திறந்தாள்.

எப்போதும்போல அடித்தாள், தட்டினாள், கல்லு என்றாள். மிதவைச் சட்டைகளை அலசிப் போட்டாள். முதலில் வந்தவர் பல் டாக்டர். வாரம் தவறாமல் வருகிறவர், நல்ல சரீரம். பலகையைத் தண்ணீரில் இறக்கி, முழங்கால் போட்டு ஏறி, சற்றுத் தூரம் துடுப்புப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். பலகை நடுவில் பள்ளமாகத் தொங்கியது. அதன் இரண்டு முனைகளும் வானத்தைப் பார்த்து எழும்பின. அவர் துடுப்பைக் காற்றில் வீசி எதையோ பிடிக்கப் பார்த்து, பக்கவாட்டில் தொபுக்கடீர் என்று விழுந்தார்.

பம்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் விழுந்ததற்காக இல்லை, விழுவது சகஜம். அவளுடைய பலகை வளைந்ததை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

மார்பளவுத் தண்ணீர்தான். பல் டாக்டர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். "என்னம்மா இது, வாழைப்பழம் மாதிரி வளையுது?"

"எங்கயோ கசியுது சார். வேற தர்றேன்" என்று அடுத்ததைக் கொடுத்தாள். அதுவும் வளைந்தது. பின்னால் வந்த அக்கா தங்கை இருவர் ஏறிய பலகைகளும் வளைந்தன. அவர்கள் ஒல்லிதான், அதனால் விழவில்லை, ஆனால் கால்களுக்குக் கீழே தண்ணீர் ஏறுகிறது என்று பயந்து திரும்பிவிட்டார்கள். வாளியில் சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு பலகையாக விளிம்பு, ஒட்டு, வால்வு என்று தடவினாள். காற்று கசிந்தால் நுரை கிளம்பும். ஒன்றிலும் ஒரு குமிழிகூட வரவில்லை.

எல்லாப் பலகையும் ஒரே நாளில் எப்படி நோஞ்சானாகும்? யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். நாம் இல்லாத இரண்டு நாளில் கொட்டகைக்குள் யாரோ நுழைந்திருக்க வேண்டும். இப்படி யோசித்ததும் அவளுக்கு வேறு முகமே தோன்றவில்லை. சோப்புக் கையோடு கரையோரமாக விறுவிறுவென்று நடந்தாள்.

தொப்பிக்காரி ஒரு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் கொட்டகைக்குள்ள என்ன பண்ணி வச்சே?"

"அக்கா? அண்ணனுக்கு எப்படி இருக்கு இப்போ?"

"அண்ணன் இருக்கட்டும். என் பலகைய எல்லாம் என்ன பண்ணினே? ஒரு குமிழி இல்ல, ஓட்டை இல்ல, ஆனா எல்லாம் துணி மாதிரி தொங்குது. நான் இல்லாத நேரம் பார்த்துக் கைவரிசையக் காட்டிட்டியா?"

அதற்குள் டீக்கடைக்காரரும், படகுகளைப் பழுது பார்க்கிறவரும் வந்துவிட்டார்கள். பம்பக்கா யாரையும் விடவில்லை. இவள் வந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும் என்றாள். தொப்பிக்கு அடியில் என்ன முகம் இருக்கிறது என்று எவன் கண்டான் என்றாள்.

தொப்பிக்காரி தொப்பியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் உடையவில்லை. "சரிக்கா. வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று தன் மின் பம்பையும் குழாயையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"இந்தப் பலகையில காத்து முழுசா எறக்குங்க. உங்க கையால, உங்க பம்பால அடிங்க. போதும்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் நான் அளந்து காட்டுறேன்."

பம்பக்கா அடித்தாள். பார்க்கிறவர்கள் முன்னால் இன்னும் வேகமாகவே அடித்தாள். கைப்பிடி இறங்க மறுத்ததும் இறங்கி, ஓங்கித் தட்டினாள். "கல்லு!"

தொப்பிக்காரி தன் குழாயை வால்வில் பொருத்தித் திருகினாள். மின் பம்பின் சின்னத் திரையில் எண் எரிந்தது. அவள் அதைப் பம்பக்கா பக்கம் திருப்பினாள்.

எட்டு.

"பதினெட்டா?"

"எட்டுக்கா."

"உன் மெஷின் பொய் சொல்லுது."

தொப்பிக்காரி கரையில் கிடந்த தன்னுடைய பலகை ஒன்றை இழுத்துவந்து அதில் பொருத்திக் காட்டினாள். பதினைந்து. பம்பக்கா அந்தப் பலகையை உள்ளங்கையால் தட்டினாள். தன் பலகையைத் தட்டினாள். மறுபடி அதைத் தட்டினாள். கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"விடு, இன்னும் அடிக்கிறேன்" என்று பம்பில் ஏறினாள். கைப்பிடியை மார்புக்கு நேரே கொண்டுவந்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். கைப்பிடி பாதி இறங்கி, உள்ளே இருந்த காற்று எதிர்த்துத் தள்ள, அவளையும் சேர்த்து மெல்ல மேலே தூக்கியது. மறுபடி சாய்ந்தாள். மறுபடி தூக்கியது. சலவைக்கூடத்தில் இருந்த உடம்பு இப்போது இல்லை. அவள் இளைத்துப்போய் வெகுநாளாகிறது. கைப்பிடியை அமுக்க வேண்டிய எடையே அவளிடம் மிச்சம் இல்லை. திரையில் ஒன்பது என்று வந்தது. அதற்குமேல் நகரவில்லை.

அவள் பம்பிலிருந்து இறங்கினாள்.

"அப்போ இத்தனை நாளா எப்படி..." என்று ஆரம்பித்தாள். "போன வாரம்கூடப் பல் டாக்டர் இதே பலகையிலதானே போனாரு? வளையலையே?"

டீக்கடைக்காரர் தன் கடைப் பக்கம் திரும்பி அடுப்பில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்தார். படகுக்காரர் கீழே குனிந்து மணலைக் கிளறினார். தொப்பிக்காரி மட்டும் கொட்டகை வாசலைப் பார்த்தாள். அங்கே நாற்காலி காலியாகக் கிடந்தது.

"அண்ணன்தான்கா" என்றாள்.

"அண்ணன்தான்னா?"

"நீங்க சட்டை அலசப் போவீங்கல்ல, அப்ப. ஒவ்வொரு பலகைக்கும் மீதிக் காத்த அவர்தான் அடிப்பாரு. அவர் எடைக்கு எறங்கும். முடிச்சுட்டு நாற்காலியில வந்து உக்காந்துக்குவாரு. நான் இங்க வந்த நாள்லேர்ந்து பார்க்கிறேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

பம்பக்கா டீக்கடைக்காரரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அவர் அடுப்பைப் பார்த்தபடி.

"உங்களுக்கு?"

படகுக்காரர் தலையை ஆட்டினார். "சொல்லக்கூடாதுன்னாரு. என் மீட்டர வாங்கித்தான் அளப்பாரு."

ஏரிக்கரைக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவருடைய வேர்த்துக் கொட்டிய முகம், தாறுமாறாக வாங்கிய மூச்சு, அதைப் பார்த்து ஊர் சிரிக்கத் தான் அடித்த கேலி, ஒவ்வொன்றாக வந்து அறைந்தது. கூடவே டாக்டரம்மாவின் கேள்வியும். உடம்பைக் கொடுத்து அழுத்தித் தள்ளுகிற வேலை ஏதாவது? துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடமாட்டார் என்று, வாய்கூசாமல், சிரித்துக்கொண்டே சொன்னாளே! தொப்பிக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள். யாரைத் திட்ட வந்தோமோ அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம் என்பதுகூட அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி அறைக்குள் அவள் நுழைந்த வேகத்தைப் பார்த்ததும் மகள் எழுந்துவிட்டாள். "அம்மா, மெதுவா..."

"உனக்கும் தெரியுமா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"அதான் மின் பம்பு மின் பம்புன்னு உயிரை வாங்கினியா? என் தோளுக்காக இல்ல, உங்கப்பா வயித்துக்காகவா?"

"ரெண்டுக்கும்தாம்மா."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"அப்பா சத்தியம் வாங்கிட்டாரு."

அவர் தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிந்து விளையாடுகையில் பிடிபட்ட குழந்தையின் முகம்.

"தொறக்காதேன்னு சொன்னேன்ல" என்றார்.

"தையல் போட்ட வயிறு உங்களுக்கு! கனமா எதையும் தொடக்கூடாதுன்னு அப்பவே டாக்டர் சொன்னாங்களா இல்லையா? கொஞ்சம் தப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் என்னன்னு தெரியாம, 'இருமியிருப்பார்'னு சொல்லிக்கிட்டு நிக்கிறேன். எதுக்குச் செஞ்சீங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"முதல்ல ஒருத்தர் விழுந்தாரு. பலகை தொய்ஞ்சிருந்துச்சு. நீ அவர் குண்டுன்னு திட்டினே. சரி, கொஞ்சம் அடிச்சு வைப்போமேன்னு அடிச்சேன். மறுநாளும் தொய்ஞ்சிருந்துச்சு." அவர் சற்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "உன் கைக்கு வலு போயிடுச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான் சொல்லணும்!"

"சொல்லியிருந்தா கடைய மூடியிருப்பே. மூடிட்டு மறுபடி அந்தச் சுவரப் பார்த்துப் படுத்திருப்பே."

அவர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அத இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பம்படிக்கிறது சுலபமா இருந்துச்சு."

நெகிழ்ந்து அழுதிருப்பாள் என்று நினைக்கத் தோன்றும். அவள் அழவில்லை. இந்த மனிதரோடுதானா இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம் என்ற திகைப்பில் அவளுக்குக் கோபம்கூடப் பாதியில் நின்றுவிட்டது. கொண்டுவந்த கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். அவர் குடித்ததும் பாத்திரத்தைக் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். போகும்போது வாசலில் நின்று, "எங்கிட்ட இப்படிச் செஞ்சிருக்கக்கூடாது நீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் முழுதும் கடை பூட்டியே கிடந்தது. அவர் பயந்தது நடந்துவிடுமோ என்று மகளும் பயந்தாள். ஒருநாள் மதியம் ஓடிவந்து பார்த்தால் அம்மா கட்டிலில் இல்லை. ஏரிக்கரையில், தொப்பிக்காரியின் பலகைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் காரியமாகத் தொப்பிக்காரியிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். "கேவலமாப் பேசிட்டேன் உன்னை."

"பேசினீங்க" என்றாள் தொப்பிக்காரி. அதை அவள் இல்லையென்று மழுப்பாததே பம்பக்காவுக்குப் பிடித்திருந்தது. "ஆனா நானும் அண்ணன் படுற பாட்டப் பார்த்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தவதானே. அது உறுத்திக்கிட்டே இருக்கு."

இருவரும் பம்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். பம்பக்கா அந்த இயந்திரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி உள்ளேயே இருப்பது நல்லதா, கார் பேட்டரியில் ஓடுவது நல்லதா என்று கேட்டாள். உள்ளே இருந்தால் எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் சில பலகைக்குமேல் தாங்காது, தனி பேட்டரி ஒன்றைக் கொட்டகையில் வைத்துக்கொண்டால் காலை முழுதும் ஓடும் என்றாள் தொப்பிக்காரி. சூடாவதைப் பற்றிக் கேட்டாள். நிழலில் வைத்து ஓட்டவேண்டும், இடையிடையே ஓய்வு கொடுக்கவேண்டும். பத்து நிமிஷம் எதற்காக ஆகிறது என்று கேட்டபோதுதான் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பலகை காலியாக இருக்கும்போது அதை நிரப்ப நிறையக் காற்று வேண்டும், ஆனால் எதிர்ப்பு இல்லை. அதற்கு இந்தச் சின்ன இயந்திரம் திணறிக்கொண்டு நேரம் எடுக்கிறது. கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் காற்றுதான் போகும், ஆனால் எதிர்ப்பு ஆளையே தூக்கும். அங்கே இயந்திரம் அலட்டிக்கொள்வதில்லை.

"அப்போ ஏன் அதையோ இதையோன்னு அடிச்சுக்கணும்?" என்றாள். "எட்டு வரைக்கும் நான் அடிக்கிறேன். அது எனக்கு ஒரு வேலையே இல்லை. மீதிய இது அடிக்கட்டும்."

தொப்பிக்காரி சற்று யோசித்தாள். "நானும் அப்படியே பண்ணலாம் போலிருக்கே. பாதி நேரம் மிச்சம்."

அப்படித்தான் முடிந்தது அந்த நெடுநாள் வழக்கு. மின் பம்பு வந்தது. கை பம்புக்குப் புது மீட்டர் போட்டாள். எட்டு வந்ததும் இறங்கிவிடுவாள், ஒருமுறைகூட ஒன்பதுக்கு ஆசைப்படவில்லை. குழாயை மாற்றிப் பொருத்தி, பதினைந்து என்று வைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போவாள். பல் டாக்டர் மறுபடி வந்தார். நின்றார். துடுப்புப் போட்டார். அவர் ஏரி நடுவுக்குப் போகும்வரை அவள் கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கணவர் வீடு திரும்பி, நடக்கத் தொடங்கி, கரைக்கு வரச் சில வாரங்கள் ஆயின. பம்புக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தால் தன்னைக் கூப்பிடும்படி ஏரிக்கரை முழுவதற்கும் உத்தரவு போட்டிருந்தாள். மிதவைச் சட்டை அலசும் வாளியையும் கொட்டகைப் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது உண்மையாகவே சும்மா. அது அவருக்கு அவ்வளவு லேசாக இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். அவளுக்கும் கேலி செய்ய வாய் வரவில்லை. கேலி இல்லாவிட்டால் இவரிடம் என்ன பேசுவது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இயந்திரம் உறுமும் சத்தம் மட்டும் இருவருக்கும் நடுவில் இருந்தது.

ஒருநாள் அவளாகவே ஆரம்பித்தாள். "வாடிக்கையாளர் யாரும் இல்லை. வாங்களேன், ஒரு பலகையில உக்காருங்க. நான் தள்ளிக்கிட்டு வர்றேன். டாக்டரம்மா உக்கார்றதுக்கு ஒண்ணும் சொல்லலையே."

"வேண்டாம்."

"ஏன்? கால் நனைஞ்சிருமா?"

அவர் ஏரியைப் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாது."

"என்னது?"

"தெரியாது. தண்ணின்னாலே சின்ன வயசுலேர்ந்து பயம்."

அவள் கையிலிருந்த ஈரச் சட்டை நழுவி வாளியில் விழுந்தது. "ஏரிக்கரையிலயே குடியிருந்துக்கிட்டா? பலகைக் கடை வச்சுக்கிட்டா? அன்னைக்கு இதையெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு வந்தது நீங்கதானே!"

"நான் கரையிலதானே இருக்கேன்" என்றார் அவர்.

அவள் நாற்காலிக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல்முறையாகச் சந்திக்கிற ஒருவரைப் பார்ப்பதுபோல அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேற என்னென்ன இருக்கு? ஒரேயடியாச் சொல்லித் தொலைங்க. இனிமே ஒண்ணொண்ணா என்னால தாங்க முடியாது."

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்பதுபோல. பின்னால் பம்பு தன் வேலையை முடித்துக்கொண்டு தானாக நின்றது. அடுத்த பலகை காற்றில்லாமல் கிடந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.